புது மின் இணைப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இணைப்பு கேட்டு வருபவர் நிறுவனத்துக்கு வருமானம்தானே? பிறகு ஏன் காக்க வைக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் ஒரு பகுதியில் கம்பி, மின்மாற்றி, துணை மின்நிலையம் எல்லாம் ஒரே மின் பகிர்மான நிறுவனத்தின் கையில் இருக்கும். ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் கம்பம் நடுவது வீண் செலவு என்பதால்தான் இந்த ஏற்பாடு. விண்ணப்பித்தவர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போக முடியாது. அது நிறுவனத்துக்கும் தெரியும். நிறுவனத்தைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் தேவைப்படுவதே இதனால்தான்.

கேள்வி: இந்தியாவில் காலக்கெடு உண்டா?

பதில்: உண்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு ஒரு மாதம் என்கிறது. தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் செய்த திருத்தம் இதைப் பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள் எனச் சுருக்கியது. மலைப்பகுதிக் கிராமங்களுக்கு 30 நாள். புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியிருந்தால் கணக்கு வேறு.

கேள்வி: எனக்கு இரண்டு மாதம் ஆனது. கேட்டால், தாமதமே இல்லை என்கிறார்கள்!

பதில்: நாள் கணக்கு எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேளுங்கள். முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். இன்று ஒரு சான்று குறைகிறது, அடுத்த வாரம் ஒரு கையெழுத்து குறைகிறது என்று திருப்பிக்கொண்டே இருந்தால், நீங்கள் அலைந்த நாள்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. காலக்கெடுவை மேலும் சுருக்குவதைவிட இந்த ஓட்டையை அடைப்பதே அவசரம் என்பேன். குறைகள் அனைத்தையும் ஒரே முறையில், எழுத்தில் சொல்லும்படி ஆணையம் கட்டாயப்படுத்த வேண்டும். அப்போது சொல்லாததைப் பின்னர் காரணம் காட்டக் கூடாது. திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களின் எண்ணிக்கையும் வெளிவர வேண்டும். நீங்கள் எதைக் கொடுத்தாலும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிவையுங்கள். நிறுவனத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்திலும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரிடமும் உங்களுக்குக் கைகொடுப்பது அந்தச் சீட்டுதான்.

கேள்வி: மதிப்பீட்டுத் தொகை மிக அதிகம். வெளியாளிடம் வேலையைக் கொடுக்க முடியுமா?

பதில்: பிரிட்டனில் முடியும். பள்ளம் தோண்டுவது, கேபிள் பதிப்பது போன்ற வேலைகளை அங்கீகாரம் பெற்ற தனி நிறுவனங்கள் செய்யலாம். ஆனால் அவர்களும் சில அனுமதிகளுக்குப் பகிர்மான நிறுவனத்திடமே போக வேண்டும். அங்கே கோப்பு தூங்கினால் போட்டி பெயரளவுக்கே இருக்கும். ஆகவே, போட்டியாளரை நடத்தும் விதத்தையும் ஆணையம் கண்காணிக்க வேண்டும்.

கேள்வி: சூரிய மின்நிலையத்துக்கு இணைப்புக் கிடைக்க ஆண்டுக்கணக்கில் வரிசை ஏன்?

பதில்: முதலில் வந்தவருக்கே முதல் இடம் என்றால், நிலம்கூட இல்லாத திட்டங்களும் இடம்பிடித்து உட்கார்ந்துவிடும். பிரிட்டனில் வரிசை 700 கிகாவாட்டைத் தாண்டியது. 2025 ஏப்ரலில், தயாராகவும் தேவையாகவும் உள்ள திட்டங்களை முன்னே நகர்த்தும் முறைக்கு அங்குள்ள ஆணையமான ஆஃப்ஜெம் ஒப்புதல் அளித்தது. அதை நான் வரவேற்கிறேன். பின்னே தள்ளப்பட்டவருக்கு மட்டும், ஏன் தள்ளினோம் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.