பக்தியா ஞானமா: அத்வைதக் கேள்வி பதில்

கே: "நானே பிரம்மம்", அதாவது எல்லாமாக இருக்கும் ஒரே மெய்ப்பொருள் நானே என்று அத்வைதம் சொல்கிறது. அப்படியென்றால் பூஜை எதற்கு? யார் யாரைக் கும்பிடுவது?

ப: கும்பிடுகிற 'நான்' உடம்போடும் மனதோடும் ஒட்டிக்கிடப்பது. உபநிஷத்து பிரம்மம் என்பது அதை அல்ல. அந்த ஒட்டு இருக்கும்வரை ஈசுவரனும் உண்டு, பக்தனும் உண்டு; அத்வைத ஆசாரியரான சங்கரர் இதை மறுக்கவே இல்லை. மனதின் குறைகளை மூன்றாகப் பிரிப்பது மரபு. அழுக்காகிய மலத்தைப் பலன் கருதாத கர்மம் போக்கும். அலைச்சலாகிய விக்ஷேபத்தை உபாசனை, அதாவது தெய்வத்தில் மனதை நிறுத்தும் வழிபாடு, போக்கும். ஆவரணம் என்ற மறைப்பை ஞானம் மட்டுமே போக்கும். பூஜை முதல் இரண்டுக்கும் மருந்து.

கே: ஐயா, கீதை 18.55 "பக்தியால் என்னை அறிகிறான்" என்கிறதே. பக்தி மட்டும் போதாதா?

ப: அங்கே வினைச்சொல் 'அறிகிறான்' என்பதுதான், கவனியுங்கள். முந்தைய சுலோகத்தில் வரும் 'பரா பக்தி'யை ஞானமே வடிவான பக்தி என்று சங்கரரின் கீதை உரையான சங்கர பாஷ்யம் விளக்குகிறது. 7.16 சொல்லும் நால்வகை பக்தர்களில் நான்காமவனான ஞானியின் பக்தி அது. இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிந்தால் விளக்குதான் வேண்டும். ஆனால் கை நடுங்கினால் விளக்கு நிற்காது. நடுக்கத்தை நிறுத்துவது பக்தி.

கே: தினமும் 108 முறை "அஹம் பிரம்மாஸ்மி" ஜபிக்கிறேன். ஆறு மாதமாகியும் மாற்றம் இல்லை.

ப: "நான் பிரம்மம்" என்னும் இது மகாவாக்கியம், நானும் பிரம்மமும் ஒன்று என்று சொல்லும் உபநிஷத்து வாக்கியம். அது எண்ணிச் சொல்வதற்கு அல்ல, பொருள் புரிவதற்கு. சாந்தோக்கிய உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் "தத் த்வம் அஸி"யை ("அது நீயே") 9 முறை சொல்கிறார். மகன் சுவேதகேது "இன்னும் விளக்குங்கள்" என்று கேட்கக் கேட்கத்தான் சொல்கிறார். ஓரிடத்தில் உப்பைத் தண்ணீரில் போட்டுவைத்து மறுநாள் காலை எடுத்துவரச் சொல்கிறார். தேடினால் அகப்படவில்லை. மேலே, நடுவே, அடியில் என்று உறிஞ்சவைக்கிறார், எங்கும் உப்பு. கண்ணுக்கும் கைக்கும் அகப்படாதது இல்லாததாகிவிடாது என்று பையனுக்கே பிடிபடுகிறது.

நீங்கள் ஒரே ஆசிரியரிடம் ஒரே நூலை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள், அது சிரவணம். பிறகு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். "இது எப்படிப் பொருந்தும்?" என்ற சந்தேகம் இருந்தால் மனனம், அதாவது கேட்டதை யோசித்துத் தெளிவது, குறைவு. சந்தேகமே இல்லை, ஆனாலும் யாராவது ஒரு சொல் சொன்னால் பழைய 'நான்' சீறுகிறது என்றால் அது விபரீத பாவனை, பழகிப்போன தவறான எண்ணம்; அதற்கு மருந்து நிதித்யாசனம், தெளிந்ததிலேயே மனதை ஊன்றி நிற்பது. உட்கார்ந்தாலே மனம் ஊர் சுற்றுகிறதா? வேதாந்த விசாரத்தைத் தள்ளிவைத்து இஷ்ட தெய்வ ஜபத்துக்குத் திரும்புங்கள். இதை இறக்கமாக நினைத்து உபாசனையைத் தாண்டிக் குதிப்பவர்களிடம் வேதாந்தம் நாக்கோடு நின்றுவிடும்.

கே: ஞானம் வந்தபின் பக்தி நின்றுவிடுமா?

ப: நிற்காது. கடவுளும் உயிரும் வேறு என்னும் துவைதிகளின் வாதங்களை மறுத்து 'அத்வைத சித்தி' எழுதிய மதுசூதன சரஸ்வதிதான் 'பக்தி ரசாயனம்' என்ற நூலும் எழுதினார். வேண்டுதல்தான் நிற்கும்.

கே: வாழ்நாள் முழுக்க சகுண உபாசனை, அதாவது குணங்களோடு கூடிய ஈசுவரனை வழிபடுவது, மட்டும் செய்தவருக்கு?

ப: கிரம முக்தி, படிப்படியான விடுதலை. பிரம்மலோகம் சென்று, அங்கே ஞானம் பெற்று விடுதலை. அங்கேயும் விடுவிப்பது ஞானம்தான்.