ராணுவ ஏலத்தில் வந்த பழைய நிஸான் ஒன் டன் லாரியை வாங்கிப் பராமரிக்க முடியுமா? டீசல் எஞ்சின் போடலாமா?

முடியும். எங்களிடம் ஒன்று பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. செக்கானூரணிப் பக்கம் என் மாமாவின் பட்டறை. ராணுவத்தில் வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நான் தொழில் கற்றது அவரிடம்தான். டீசல் எஞ்சின் மட்டும் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் காகிதம். ராணுவம் கண்டம் செய்த, அதாவது இனி வேண்டாம் என்று கழித்த வண்டிகள், மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் இணைய ஏலத்தில் போகும். அதை எடுத்தவரிடமிருந்து இரண்டாவது, மூன்றாவது கையாகத்தான் நம் ஊருக்கு வந்து சேரும். ராணுவ அதிகாரிகள் கொடுத்த படிவம் 21 விற்பனைச் சான்று அசலாக இல்லையென்றால் ஆர்டிஓ ஆபீஸில் பதிவு நடக்காது. நகலை நீட்டி “அசல் பின்னால வரும்” என்று சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள். சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். சான்றில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று, அந்த ராணுவப் பச்சையை அப்படியே வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கும். கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. எங்கள் வண்டிக்குச் சாம்பல் அடித்திருக்கிறோம்.

இந்த வண்டிகள் நிஸான் உரிமத்தில் ஜபல்பூரில் செய்யப்பட்டவை. ராணுவ ஜீப்பான ஜோங்காவும் இதே குடும்பம்தான். ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்டு கன் கேரேஜ் அசெம்பிளி என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. ஒன் டன்னிலும் ஜோங்காவிலும் இருப்பது ஒரே ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் எஞ்சின். ஒன்றின் சாமான் கிடைக்காவிட்டால் மற்றதன் பெயரைச் சொல்லித் தேடலாம். டெல்லியின் பழைய சாமான் சந்தையான மாயாபுரியில் இன்னும் கிடைக்கிறது.

வண்டி வீட்டுக்கு வந்ததும் ஓட்டிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாமா விடவில்லை. “ஓட்டுறதுக்கு முன்னால நாலு டிரம்மையும் கழட்டு, மாப்ள” என்றார். பின் இடது பிரேக் டிரம் வரவே இல்லை. சுற்றிலும் தட்டி, மண்ணெண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து மறுநாள் கழற்றினோம். உள்ளே லைனிங் நன்றாகத்தான் இருந்தது. பிரேக் கட்டையைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் தூக்கியதும் காபித் தூள் நிறத்தில் துருத் தண்ணீர் வழிந்தது. பிஸ்டன் ஒன்று அசையவில்லை. சிலிண்டரின் உட்சுவரில் மிளகு மிளகாகப் பள்ளம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஏலத்துக்குக் காத்து வருடக்கணக்கில் யார்டில் நின்ற வண்டியில் அந்த ஈரம் அடியில் தங்கி இப்படி அரித்துவிடும். பள்ளம் விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் போட்டால் இரண்டு மாதம் தாங்கும், அப்புறம் கசியும். நாங்கள் லேத்தில் கொடுத்துக் குடைந்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிலீவ் போட்டு வாங்கினோம். இன்றுவரை ஒரு சொட்டு கசியவில்லை.

மாற்றம் என்று ஒன்று செய்வதானால் பிரேக்கில் செய்யுங்கள். பழைய வடிவமைப்பில், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை வழி. எங்காவது ஒரு குழாய் விட்டால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரிந்த இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினால் ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். இரும்புக் குழாய்களையும் அப்போதே புதிதாக இழுத்துவிடுங்கள்.

அடுத்து பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த வண்டியின் ரப்பர் குழாய், பம்பின் டயாபிரம், கார்புரேட்டர் வாஷர் எதுவும் அதை நினைத்துச் செய்ததில்லை. ரப்பர் உப்பும், இளகும். டேங்க்கில் ஒட்டியிருந்த பழைய பிசினும் கரைந்து கார்புரேட்டரின் சின்னத் துளையான ஜெட்டில் போய் அடைக்கும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றி, பம்புக்கு முன்னால் கண்ணாடி ஃபில்டர் ஒன்று போடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கை வடித்துவிடுங்கள்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு தொல்லை உண்டு. சித்திரை மாத மதியத்தில் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது எங்கள் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. பம்பு எஞ்சினை ஒட்டியே இருப்பதால் சூட்டில் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போவது நின்றுவிட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம், கிளம்பியது. ஊருக்கு வந்ததும் பம்புக்கும் சைலன்சர் மேனிஃபோல்டுக்கும் நடுவே தகரத் தடுப்பு ஒன்று வைத்தோம், குழாயையும் சூடு படாத பக்கமாகத் திருப்பினோம். அதன் பிறகு நின்றதே இல்லை. ரேடியேட்டருக்கு போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ஒரே வருடத்தில் சந்துகளில் படிந்து அடைத்துவிடும்.

சரி, டீசல். லிட்டருக்கு நாலு, ஐந்து கிலோமீட்டர்தான் கொடுக்கும் என்பதால் எல்லாருக்கும் இந்த யோசனை வருகிறது. கம்பம் பக்கத்திலிருந்து ஒருவர், வேறொரு பட்டறையில் டீசல் எஞ்சின் ஏற்றிய ஒன் டன்னை எங்களிடம் கொண்டுவந்தார். எஞ்சின் தாங்கிகளைச் சேசிஸில் நேரடியாக வெல்டிங் அடித்திருந்தார்கள். டீசலின் உதறலில் வெல்டிங் ஓரத்திலிருந்து சேசிஸ் முடியளவு விரிசல் விட்டு, ஒரு விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் உட்காராததால் கியர்பாக்ஸ் பேரிங்கும் போய்விட்டது. அவர் கட்டிய கூலிக்குப் பல வருடப் பெட்ரோல் போட்டிருக்கலாம். அதோடு, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி எரிபொருளை மாற்றுவது போன்ற மாற்றங்களை முன் அனுமதியில்லாமல் செய்ய முடியாது. எஞ்சினைச் சீராக ஓட்ட வேண்டுமானால், தீப்பொறிக்கான பழைய பிளாட்டினம் பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள். அந்தச் சின்ன மாற்றமே போதும்.

அதிர்ச்சியைத் தாங்கும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) முரடாக இருக்கிறது என்று இரண்டு பட்டையை உருவச் சொல்வார்கள், செய்ய வேண்டாம். முன் சக்கர டிரைவைத் தார் ரோட்டில் போட்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். திருப்பத்தில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் உருள, அந்த முறுக்கு முழுவதையும், எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ்தான் வாங்கும். டயரைப் பிடித்து நிறுத்த இரும்பு ரிங் போட்ட ரிம்மில் காற்று அடிக்கும்போது கூண்டுக்குள் வைத்து அடிக்கச் சொல்லுங்கள், அல்லது சங்கிலியாவது சுற்றச் சொல்லுங்கள். சரியாக உட்காராத ரிங் தெறித்தால் எதிரில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

ராணுவத்தில் இந்த வண்டிகளைத் தினமும் காலையில் ஒருவர் தொட்டுப் பார்ப்பார். ஆயில், தண்ணீர், கசிவு, நட்டு எல்லாம் பார்த்து எழுதிவைப்பது அவர் வேலை. அந்தக் கவனிப்பை நம்பித்தான் இத்தனை கிரீஸ் நிப்பிள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மாதம் ஒருமுறை கிரீஸ் கன் எடுத்து எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்கிறோம். கண்மாய்த் தண்ணீரில் இறங்கி ஏறினால் அன்றைக்கே டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் கியர் பெட்டி) ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்க்கிறோம். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் முழுவதும் மாற்றிவிடுவோம்.

வாங்கும் அன்று வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பின் டிஃபரன்ஷியலின் உருண்டையில் வெள்ளைப் பெயிண்ட் இருக்கும், அதன் மேல் விழும்படி ஒரு குட்டி விளக்கும் இருக்கும். ராத்திரியில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு வரிசையாகப் போகும்போது, பின்னால் வரும் டிரைவர் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் ஓட்டுவார். சேசிஸ் முழுக்கச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தபோது அந்த உருண்டையை மட்டும் மாமா என்னிடம் விடவில்லை. தானே படுத்துக்கொண்டு வெள்ளை அடித்தார்.