படிவம் நிரப்ப எவ்வளவு நேரம் ஆனது? – கேள்வி பதில்

இணையவழிக் கணக்கெடுப்புகளிலும் வினாடி வினாக்களிலும் ஆட்கள் செலவிடும் நேரத்தை அளப்பது பற்றி நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. அனுப்புவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மென்பொருளில் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

தங்கச்சிமடம், கல்லூரி மாணவி: ஐயா, மீன்பிடித் தடைக்காலத்தில் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று கூகுள் ஃபார்ம்ஸில் கேட்டேன். ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் எடுத்தார்கள் என்று எப்படிப் பார்ப்பது?

பார்க்க முடியாது அம்மா. கூகுள் படிவம் பதிவு செய்வது 'அனுப்பு' பொத்தானை அழுத்திய நேரத்தை மட்டுமே. எப்போது திறந்தார்கள் என்பது எங்கும் இல்லை. பின்னால் மீட்கவும் வழியில்லை. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் தொடக்கம், முடிவு இரண்டையும் எக்செல் தாளில் தரும். லைம்சர்வே என்ற கணக்கெடுப்பு மென்பொருளில் நேரப் பதிவுக்குத் தனி அமைப்பு உண்டு. கணக்கெடுப்பைத் தொடங்கும் முன்பே அதை இயக்கிவிட வேண்டும். அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கும். அதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

மண்டபம், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்: கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் கோபோ என்ற களக் கணக்கெடுப்புச் செயலியில் 25 கேள்விகள் கேட்டோம். சராசரி மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. செயலியில் கோளாறா?

செயலி சரியாகத்தான் சொல்கிறது. படிவத்தைத் திறந்த நேரம், கடைசியாகச் சேமித்த நேரம் இரண்டையும் அது குறித்துக்கொள்கிறது. கழித்தால் வருவது இடைப்பட்ட மொத்த நேரம். நீங்கள் ஐந்து கேள்வி கேட்டிருப்பீர்கள், கடல் வற்றும் நேரம் வந்திருக்கும், அந்த அக்கா பாசிக்குக் கிளம்பியிருப்பார். படிவத்தை அப்படியே வைத்துவிட்டு மாலையில் வீட்டில் பார்த்து முடித்திருப்பீர்கள். நடுவே அவர் தண்ணீருக்குள் இருந்த நேரமும் கணக்கில் ஏறிவிட்டது.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, சராசரியை விட்டுவிட்டு இடைநிலை அளவை எடுங்கள்; எல்லா நேரத்தையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பதுதான் அது. ஒன்பது பேர் ஆளுக்கு 12 நிமிடம், ஒருவர் 10 மணி நேரம் என்றால் சராசரி கிட்டத்தட்ட 71 நிமிடம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 71 நிமிடம் எடுக்கவில்லை! இடைநிலை அளவு 12. இரண்டு, அடுத்த சுற்றில் படிவத்தை வடிவமைக்கும்போதே 'ஆடிட்' என்ற பதிவைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் எவ்வளவு நேரம் நின்றார்கள், எப்போது படிவத்தை விட்டு வெளியேறினார்கள், எப்போது திரும்பினார்கள் என்று தனித்தனியாகக் கிடைக்கும். இந்த நேரமெல்லாம் கைபேசிக் கடிகாரத்தைப் பார்த்துப் போடப்படுவது. கைபேசியில் தேதி தப்பாக இருந்தால் எல்லாம் தப்பு.

இராமேசுவரம்: கூகுள் ஃபார்ம்ஸில் நேரம் பார்க்கலாமா?

முதல் பதில்.

தனுஷ்கோடி, வழிகாட்டி: அண்ணே, அரிச்சல்முனைப் பக்கம் போனால் கைபேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துவிடுகிறது. சுற்றுலாப் பயணிகளிடம் எடுத்த கணக்கெடுப்பில் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் வருவது அதனால்தானா?

நல்ல சந்தேகம், ஆனால் இலங்கையின் மேல் பழி போடாதீர்கள். 2006 ஏப்ரலிலிருந்து அங்கும் இங்கும் ஒரே நேரம்தான். உங்கள் ஐந்தரை மணி நேரம் உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள இடைவெளி. தொடக்கத்தை நம் நேரம் காட்டும் கைபேசியிலிருந்தும் முடிவை உலகப் பொது நேரத்தில் குறிக்கும் சேவையகத்திலிருந்தும் எடுத்துக் கழித்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே கடிகாரத்திலிருந்து எடுங்கள்.

கீழக்கரை, ஆசிரியை: மூடில் என்ற இணையக் கல்வித் தளத்தில் 40 கேள்வித் தேர்வு வைத்தேன். ஒரு மாணவன் 6 நிமிடத்தில் முடித்து 36 மதிப்பெண் வாங்கிவிட்டான். காப்பிதானே?

கேள்விக்கு 9 நொடி. கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருந்தால், நான்கு விடைகளில் ஒன்று சரி என்ற கணக்கில் 10 மதிப்பெண் அளவில் நின்றிருப்பான். ஆகவே இது குருட்டு ஊகம் இல்லை. பாடம் தெரிந்தவனா, வினாத்தாள் முன்பே தெரிந்தவனா என்பதை நேரம் சொல்லாது. வைஸ், காங் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் விடை நேரத்தை வைத்து ஒரு அளவீடு கொண்டுவந்தார்கள். அதுகூட முயற்சியே செய்யாமல் தட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான். பக்கத்துக்கு ஒரு கேள்வி என்று அமைத்திருந்தால் விடை வரலாற்றைப் பாருங்கள் டீச்சர். நீளமான கணக்குக்கும் ஒரு வரிக் கேள்விக்கும் ஒரே 9 நொடி என்றால் கூப்பிட்டு வாய்மொழியாக நான்கு கேள்வி கேளுங்கள். நேரத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்லாதீர்கள்.

தொண்டி, கணக்கெடுப்பு மேற்பார்வையாளர்: நீங்கள் ரொம்ப இளகிய மனதுக்காரர். நாங்கள் மீனவர் கணக்கெடுப்பில் 4 நிமிடத்துக்குக் குறைந்த படிவங்களை அப்படியே நீக்கிவிடுகிறோம். இடைநிலை அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் நீக்கலாம் என்பது எல்லோரும் செய்வதுதானே?

பலர் செய்கிறார்கள். உங்கள் படிவத்தில் எத்தனை கேள்வி, அதில் படகு பற்றி எத்தனை?

தொண்டி: மொத்தம் 60. படகு, இயந்திரம், டீசல், வலை பற்றி 35. படகு இல்லை என்றால் அவை வராது.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. சொந்தப் படகு வைத்திருப்பவர் 60 கேள்விக்குப் பதில் சொல்கிறார். அவர் படகில் கூலிக்குப் போகிறவர் 25 கேள்வியோடு முடித்துவிடுகிறார். நீங்கள் இருவரையும் ஒரே கோலால் அளந்து, சீக்கிரம் முடித்தவரை நீக்குகிறீர்கள். கடைசியில் கையில் மிஞ்சுவது படகு உரிமையாளர்களின் கணக்கெடுப்பு. அதை 'மீனவர் நிலை' என்று அச்சிடுவீர்கள்.

மண்டபம்: அண்ணே, எங்கள் பாசி எடுக்கும் பெண்களில் பலருக்கு மகள்தான் படிவத்தைத் தட்டுகிறாள். கேள்வியை முழுதாகப் படிப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவார். அதுவும் வேகம்தான்.

தொண்டி: அப்படியானால் போலிப் படிவத்தை எப்படிப் பிடிப்பது? களப்பணியாளர் யாரையும் கேட்காமல் மரத்தடியில் உட்கார்ந்து அவரே நிரப்பிவிடுகிறார்.

அந்தக் கவலை நியாயமானது. அதற்கு, படிவத்தில் ஒரே கேள்வி வழியில் போனவர்களை மட்டும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுங்கள். படகு இல்லாதவர்களுக்குத் தனி இடைநிலை, உள்ளவர்களுக்குத் தனி. ஒரே களப்பணியாளரின் படிவங்கள் எல்லாம் ஒரே அளவு நேரத்தில் முடிகின்றனவா, ஒன்று முடிந்த மறு நொடியே அடுத்தது திறக்கிறதா என்று பாருங்கள். உண்மையில் வீடு வீடாகப் போகிறவருக்கு நடக்கவாவது நேரம் வேண்டும். சந்தேகம் வந்தால் நீக்காமல் குறி மட்டும் போட்டு வையுங்கள், நான்கு வீட்டுக்குத் திரும்பப் போங்கள்.

தொண்டி: மேலிடம் 4 நிமிடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

அந்த 4 எங்கிருந்து வந்தது என்று மேலிடத்தைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் மௌன வாசிப்புக்கு நிமிடத்துக்கு 238 சொல் என்று 2019-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதை எடுத்துத் தமிழ்ப் படிவத்துக்குப் போட்டால் பொருந்தாது; நம் சொற்கள் நீளம். உங்கள் அலுவலகத்திலேயே நான்கு பேரைப் படிக்கச் சொல்லி, படகு உள்ள வழிக்கும் இல்லாத வழிக்கும் தனித்தனியாக நேரம் பாருங்கள்.

ஏர்வாடி: கணக்கெடுப்பு நிரப்பினால் பணம் தரும் செயலி எது நல்லது?

எனக்குச் சம்பந்தமில்லாத துறை. முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

தேவிபட்டினம்: கூகுள் ஃபார்ம்ஸில் எத்தனை நிமிடம் என்று…

முதல் பதில். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

பாம்பன், மென்பொருள் படிக்கும் மாணவர்: நானே ஒரு வினாடி வினாத் தளம் எழுதுகிறேன். ஆள் வேறு பக்கத்துக்குப் போய்விட்டால் கடிகாரத்தை நிறுத்த முடியுமா?

முடியும். பக்கம் திரையில் தெரிகிறதா, மறைந்திருக்கிறதா என்பதை உலாவியே சொல்லும். மறைந்ததும் நிறுத்தி, தெரிந்ததும் ஓட்டுங்கள். ஆனால் மொத்த நேரத்தையும் தூக்கி எறியாமல் இரண்டையும் தனித்தனியாகச் சேமியுங்கள். பக்கம் திறந்திருக்க, ஆள் எழுந்து டீ குடிக்கப் போனால் இந்த வழி கண்டுகொள்ளாது. அதற்குக் கடைசியாகத் தொட்ட நேரத்தையும் குறித்து வையுங்கள் தம்பி.