அவர் அலறும்போது எண்ணிக்கொண்டிருந்தது யார்?

கேள்வி: 1976இல் வந்த ‘நெட்வொர்க்’ படத்தில் ஹோவர்ட் பீல் என்ற செய்தி வாசிப்பாளர், இனிப் பொறுக்க மாட்டேன் என்று நேரலையில் வெடிக்கிறார். உண்மையைச் சொன்ன குற்றத்துக்காகக் கடைசியில் அவரைக் கொன்றுவிடுகிறார்கள். நம் டி.வி. விவாதங்களிலும் அப்படிக் கொதிக்கும் நெறியாளர் ஒருவராவது வேண்டாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். அதற்கு நீங்கள் கூட்டிவந்திருக்கும் சாட்சியே உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

முதலில் ஒரு திருத்தம். பீல் செத்தது உண்மை சொன்னதால் அல்ல, ரேட்டிங் விழுந்ததால். படத்தின் கடைசி வரியே அதுதான். யு.பி.எஸ். நெட்வொர்க்கை வைத்திருக்கும் சி.சி.ஏ. நிறுவனத்தைச் சவூதிப் பணம் வாங்கப்போகிறது என்று அவர் போட்டு உடைக்கிறார். அதைத் தடுக்கக் கோரி வெள்ளை மாளிகையில் தந்திகள் குவிகின்றன. அப்போதும் அவர் உயிருக்கு ஆபத்தில்லை. சி.சி.ஏ. முதலாளி ஜென்சன் அவரை நீண்ட மேசை போட்ட அறைக்கு அழைத்து, நாடும் இல்லை மக்களும் இல்லை, டாலர் மட்டுமே உண்டு என்று ஓதுகிறார். பீல் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தனிமனிதனின் காலம் முடிந்தது என்று பிரசங்கம் செய்யத் தொடங்குகிறார். தினமும் அதைக் கேட்க யார் உட்காருவார்கள்? ஜனம் சேனலை மாற்றுகிறது. ஜென்சனோ பீலை எடுக்கக் கூடாது என்கிறார். நிறுத்தவும் வழியில்லை, நஷ்டத்தைத் தாங்கவும் மனமில்லை என்றானபோதுதான் அதிகாரிகள் கூடிப் பேசிக் கொலைக்கு வருகிறார்கள். அந்தக் கூட்டத்தின் வெளிச்சத்தைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் பீலும், செய்திப் பிரிவின் தலைவரான நண்பர் மேக்ஸும் நியூயார்க் தெருவில் நிற்கும் இரவுக் காட்சிக்குப் படம் பதியத் தேவையான அளவு மட்டுமே விளக்கு வைத்த இயக்குநர் சிட்னி லூமெட், இந்தக் கொலைக் கூட்டத்தை விளம்பரப் படம் போலப் பளபளவென்று எடுத்திருக்கிறார். கதை போகப்போகக் கேமராவும் கெட்டுப்போக வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்தது அது.

இப்போது நீங்கள் சொல்லும் அந்தக் கொதிப்புக்கு வருவோம். பைஜாமா மேல் மழைக்கோட்டு, நனைந்து ஒட்டிய தலைமுடி. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து கத்துங்கள் என்கிறார் பீல். அதற்குச் சற்று முன்னால் அவர் சொல்வதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை: உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதச் சொல்ல மாட்டேன், என்ன எழுதச் சொல்வதென்றே எனக்குத் தெரியாது என்கிறார். விலைவாசிக்கும் வேலையின்மைக்கும் அவரிடம் பதில் கிடையாது. அதே நேரத்தில் ஸ்டுடியோவுக்கு வெளியே என்ன நடக்கிறது? நிகழ்ச்சிப் பிரிவின் தலைவி டயானா, அட்லாண்டாவில் கத்துகிறார்களா என்று ஃபோனில் இருப்பவரைக் கேட்கிறார். கத்துகிறார்கள். பேட்டன் ரூஜிலும் கத்துகிறார்களாம். அவர் முகத்தில் புதையல் கிடைத்த பூரிப்பு. டயானாவாக நடித்த ஃபே டனவேக்கு ஆஸ்கர் கிடைத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

அந்தப் புதையலை அளப்பது எப்படி என்று தெரிந்தால் படம் இன்னும் நன்றாகப் பிடிபடும். ரேட்டிங் என்பது டி.வி. உள்ள எல்லா வீடுகளிலும் நம்மைப் பார்ப்பவை எத்தனை விழுக்காடு என்பது. ஷேர் என்பது அந்த நேரத்தில் டி.வி. ஓடும் வீடுகளில் மட்டும் நம் பங்கு. பீலின் நல்ல காலத்தில் ரேட்டிங் 16, ஷேர் 28 என்கிறது படம். 16ஐ 28 விழுக்காட்டால் வகுத்தால், 100 வீடுகளில் சுமார் 57இல் டி.வி. ஓடியிருக்கிறது. சரிந்த காலத்தில் ரேட்டிங் 8, ஷேர் 12: சுமார் 67 வீடுகளில் ஓடியிருக்கிறது. டி.வி. பார்க்கும் வீடு கூடியும் அவருடைய பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. (படத்தின் வர்ணனை 16ஐ ‘ஹட் ரேட்டிங்’ என்கிறது. அது சறுக்கல். தொழிலில் ஹட் என்பது டி.வி. ஓடும் வீடுகளின் விழுக்காடு, அதாவது நாம் மேலே கண்ட 57.) ரேட்டிங் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் அன்று அமெரிக்கா முழுவதற்கும் மீட்டர் வைத்திருந்தது சுமார் 1,200 வீடுகளில். அந்த அளவில் ஒரு ரேட்டிங் புள்ளி 12 வீடு. பீலின் 8 என்பது 96 வீடு. கொதிக்கத் தொடங்கியதும் ஷேர் 42 ஆகிவிடுகிறது.

ஆனால் செய்தியின் வீழ்ச்சி கொதிப்பில் தொடங்கவில்லை, அமைப்பு மாறியதில் தொடங்கியது. செய்திப் பிரிவு நஷ்டத்தில் நடப்பது அதுவரை எல்லா நெட்வொர்க்கும் ஒப்புக்கொண்ட வழக்கம். புதிய நிர்வாகி ஹேக்கெட் அந்த வழக்கத்தை முடித்துவைக்கிறார். செய்தி நேரம் மேக்ஸ் கையைவிட்டு டயானா கைக்குப் போகிறது. உடனே செய்திக்கு நடுவில் குறி சொல்லும் பெண்மணி வந்து உட்காருகிறார். எழுதிய பேடி சாயெஃப்ஸ்கியும் லூமெட்டும் 1950களின் நேரலை டி.வி.யில் வளர்ந்தவர்கள், எந்த ஆணி கழன்றால் வீடு சரியும் என்று அறிந்தவர்கள். நம் சேனல்களிலும் நான் கேட்பது அதைத்தான்: செய்தி ஆசிரியர் யாருக்குக் கீழே இருக்கிறார்? ஒரு மணி நேர விவாதத்தில், நிருபர் நேரில் போய்க் கொண்டுவந்த தகவல் எத்தனை நிமிஷம்? கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள்.

மறுபடி பார்க்கும்போது ஒப்பந்தக் காட்சியைத் தவறவிடாதீர்கள். புரட்சி பேசும் லாரீன் ஹாப்ஸும் ஓர் ஆயுதக் குழுவும் டயானாவின் நெட்வொர்க்குக்கு நிகழ்ச்சி செய்ய ஒப்பந்தம் பேசுகிறார்கள். ஹாப்ஸ், தன் நிகழ்ச்சியின் விநியோகச் செலவில் யாரும் கைவைக்கக் கூடாது என்று கத்துகிறார். அந்தக் குழுவின் தலைவன் துப்பாக்கியால் மேலே சுட்டுக் கூட்டத்தை அடக்கிவிட்டு, ஷரத்துக்குத் திரும்பச் சொல்கிறான். பின்னால் பீலைச் சுடுவது அந்தக் குழுதான்.