இருபது வருடமாக ஒரே பாவத்துக்கு மன்னிப்பு

கேள்வி: இருபது வருடத்துக்கு முன் செய்த ஒரு பாவத்துக்காக இன்றும் தினமும் ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்கப்பட்டேன் என்ற நிச்சயம் வரவே இல்லை. பாவமன்னிப்பும் நீதிமானாக்கப்படுதலும் ஒன்றுதானா, வேறு வேறா?
- ஒரு வாசகர்

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடுவது மன்னிக்கப்பட்ட உணர்வு. தேவன் வாக்குக்கொடுத்ததோ மன்னிப்பு. 1 யோவான் 1:9-ஐ இன்னொரு தடவை படியுங்கள். அறிக்கையிட்டால் மன்னிப்பதற்கு அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்கிறது. அவர் இரக்கமுள்ளவர் என்பது உண்மைதான், ஆனால் யோவான் அந்த இடத்தில் அவருடைய நீதியைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். கடன் சிலுவையில் தீர்ந்துவிட்டது என்றால், தீர்ந்த கடனை மறுபடி உங்களிடம் கேட்பது அநியாயம், அவர் அநியாயம் செய்கிறவர் இல்லை.

சரி, இரண்டும் ஒன்றா? பிரிக்க முடியாது, ஆனால் நீதிமானாக்கப்படுதல் இன்னும் பெரியது. அது நீதிமன்ற வார்த்தை, "இவன் நீதிமான்" என்று நியாயாதிபதி தீர்ப்புச் சொல்வது. "தேவனே அவர்களை நீதிமான்களாக்குகிறவர். ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறவன் யார்?" என்று ரோமர் 8-ல் பவுல் கேட்கும்போது, ஒன்றுக்கு ஒன்று எதிரான இரண்டு தீர்ப்புகளை வைத்துப் பேசுகிறார். குற்றவாளி மன்னிக்கப்பட்டு வெளியே வந்தாலும் மன்னிக்கப்பட்ட குற்றவாளிதான். நீதிமான் என்று தீர்ப்புப் பெற்றவன் மேலோ ஒரு குற்றச்சாட்டும் நிற்காது.

ஆனால் துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்று நீதிமொழிகள் 17:15 சொல்கிறதே, அதே கர்த்தரை "பாவியை நீதிமானாக்குகிறவர்" என்று ரோமர் 4:5 எப்படிச் சொல்கிறது? கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுநரம்பே இந்தக் கேள்விதான், இதை லேசாகக் கடந்துபோகிறவர்கள் சிலுவையையும் லேசாகத்தான் பார்ப்பார்கள். பாவம் அறியாத கிறிஸ்து நமக்காகப் பாவமாக்கப்பட்டார், நாம் அவருக்குள் தேவனுடைய நீதியானோம் (2 கொரிந்தியர் 5:21). பொய்த் தீர்ப்பு எழுதப்படவில்லை, தண்டனையை அவர் ஏற்றுக்கொண்டார்.

இந்த நீதி நம் கணக்கில் எண்ணப்படுவதா, நமக்குள் ஊற்றப்பட்டு நம்மை உள்ளே மாற்றுவதா என்று சபைகள் நெடுநாள் சண்டை போட்டன. 1547-ல் கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம் உள்ளான புதுப்பித்தலும் இதில் சேர்ந்ததே என்று தீர்மானித்தது. 1999-ல் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் இதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். வித்தியாசங்கள் எல்லாம் தீரவில்லை, ஆனால் நம் புண்ணியத்தால் அல்ல, கிருபையினால் மட்டுமே என்பதில் இருவரும் ஒரே குரல்.

இயேசு சொன்ன உவமையில், ஆலயத்தில் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனைப் பாருங்கள். ஒரே வரி ஜெபம். நீதிமானாக்கப்பட்டவனாய் வீடு திரும்பினான் என்றார் இயேசு. போகும் வழியில் அவன் மனது லேசாக இருந்ததா, பாரமாக இருந்ததா என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தீர்ப்பு சொல்லியாகிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று, கோபிக்க வேண்டாம். அந்தப் பாவத்தில் வேறொருவர் காயப்பட்டிருக்கிறாரா? அவரிடம் போக வேண்டிய காலை மடக்கித்தான் இருபது வருடமாக முழங்காலில் நிற்கிறீர்களா? சகேயு என்ற ஆயக்காரத் தலைவன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்றது இரட்சிப்பை வாங்குவதற்கு இல்லை, இயேசு அவன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதற்காக. அப்படி யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் இன்று இரவு ஜெபத்தில் அந்தப் பாவத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள், நன்றி மட்டும் சொல்லுங்கள்.