பட்டறை மாமா பதில்கள்: பெயிண்ட் அடிக்கும் முன்னே பார்த்துவிடுங்கள்

மாமா, எங்கள் வீடு தஞ்சோங் தொக்கோங்கில், கடலுக்குக் கூப்பிடு தூரம். முன் கேட்டின் அடிக்குழாய் துருப்பிடித்துப் பொத்தலாகிவிட்டது. இரண்டு வெல்டிங்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் 450 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார், இன்னொருவர் 900 வெள்ளி. இரண்டு பேருமே “நல்லாப் பண்ணித் தர்றேன்க்கா” என்கிறார்கள். யாரைக் கூப்பிடுவது?
– வாசகி, தஞ்சோங் தொக்கோங்

தங்கச்சி, ‘நல்லாப் பண்ணித் தர்றேன்’ என்று சொல்லாத வெல்டிங்காரன் பினாங்கில் இல்லை. ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருந்த காலத்தில் நானும் அதைத்தான் சொன்னேன். இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: “துருப்பிடித்த இடத்தை என்ன செய்வீங்க?”

“மேலே ஒரு தகடு வச்சு ஒட்டிடலாம்” என்று பதில் வந்தால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். துருவின் மேல் வெல்டிங் பிடிக்காது. ஊசிக்கண் மாதிரி ஓட்டை ஓட்டையாக விழும், உள்ளே துரு தன் பாட்டுக்குத் தின்றுகொண்டே இருக்கும். ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பார்த்து, இரும்பு ‘டங்’கென்று கெட்டியாகக் கேட்கிற இடம் வரைக்கும் அறுத்து எடுத்துவிட்டு, புதுக் குழாய் வைத்து ஒட்டுவதுதான் வேலை. 900 கேட்டவர் இதைச் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. அதிகம் கேட்டவரெல்லாம் நல்ல வேலைக்காரர் என்றும் அர்த்தமில்லை.

அடுத்து, குழாயின் கனம். 1.2 மில்லிமீட்டர் குழாயும் 2 மில்லிமீட்டர் குழாயும் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தூக்கிப் பார்த்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் எடை வித்தியாசம் தெரியும். இரண்டு பேரும் எந்தக் கனத்துக்கு விலை சொன்னார்கள்? அதைக் கேட்காமல் 450, 900 என்று ஒப்பிட முடியாது. கனத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடிக்குழாய் ஏன் முதலில் போகிறது தெரியுமா? மழைத் தண்ணீர் எப்படியோ உள்ளே இறங்கும், வெளியே வர வழி இருக்காது. புதுக் குழாயின் அடியில் தண்ணீர் வடிய இரண்டு சின்ன ஓட்டை போடச் சொல்லுங்கள். ‘ஓட்டையா, எதுக்கு?’ என்று முழிப்பவரை நான் என் பட்டறையில் சேர்த்திருக்க மாட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். குழாயைச் சுற்றி முழுக்க ஒட்டாமல் நாலு மூலையில் பொட்டு வைத்து, இடுக்கில் புட்டி பூசி, தேய்த்து, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும். நீங்களும் சிரித்த முகமாகக் காசு கொடுப்பீர்கள். அடுத்த தைப்பூசத்துக்குள் புட்டி விரிசல் விட்டு, துருத் தண்ணீர் வடிய ஆரம்பித்துவிடும். அதனால் “பெயிண்ட் அடிக்கும் முன் எனக்குக் காட்டணும்” என்று வெல்டிங்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒட்டு குழாயைச் சுற்றி விடாமல் ஓடியிருக்கிறதா, மேலே படிந்த கறுப்புக் கசடைத் தட்டி எடுத்துக் கம்பி பிரஷ் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கசடின் மேல் அடித்த பெயிண்ட் கசடோடு சேர்ந்து உதிரும். பிறகு துருத் தடுப்புப் பூச்சு, அது நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்ட். கடற்கரை வீட்டுக்கு இதில் ஒரு நாள் மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஜிங்க் முலாம் பூசிய குழாய் போடலாம், நல்லதுதான். ஆனால் ஒட்டிய இடத்தில் முலாம் எரிந்து போயிருக்கும். அங்கே ஜிங்க் பெயிண்ட் தடவ வேண்டும். ஒட்டும்போது கிளம்பும் வெள்ளைப் புகை வீட்டுக்குள் வராமல் ஜன்னலைச் சாத்துங்கள். இளம் வயதில் நான் முகமூடி இல்லாமல் ஒரு நாள் முழுக்க அதைச் சுவாசித்துவிட்டு, ராத்திரி குளிர்க் காய்ச்சலில் தூக்கித் தூக்கிப் போட, என் அம்மா ஏதோ காற்று அடித்துவிட்டது என்று திருநீறு பூசினார். மறுநாள் இறங்கிவிட்டது. அம்மா கடைசி வரை திருநீறுதான் காரணம் என்றார்.

ஸ்டெயின்லெஸ் கேட்டாக மாற்றலாம் என்று யாராவது ஆசை காட்டினால், எந்த ரகம், 304-ஆ 201-ஆ என்று கேளுங்கள். 201-இல் நிக்கல் குறைவு, கடல் காற்றுக்குச் சீக்கிரம் பழுப்புப் படியும். காந்தத்தை வைத்துக் காட்டி “பாருங்க, ஒட்டலை” என்பார்கள். 201-உம் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்த வித்தைக்கு மயங்காதீர்கள்.

வேலை நடக்கும் நாளில் காரைத் தெருவில் தள்ளி நிறுத்துங்கள். தீப்பொறி கண்ணாடியில் பட்டால் குழி விழும். கிரைண்டர் தூள் டைல்ஸில் கிடந்து ஒரு மழை பெய்தால் துருப்புள்ளிதான். மோட்டாரில் திறக்கிற ஆட்டோ கேட் என்றால் கரண்டை நிறுத்தி, மோட்டாரை இயக்கும் போர்டின் வயரையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வெளிச்சத்தை வேடிக்கை பார்க்கக் கூடாது. அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரியில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும்.

பாயா தெருபோங்கில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் இருப்பதால் ஜன்னலுக்கெல்லாம் கிரில் போட வேண்டும். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா மாமா?
– வாசகர், பாயா தெருபோங்

முதலில் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள் தம்பி. வெளித்தோற்றம் மாறக் கூடாது என்று டிசைனையும் நிறத்தையும் அவர்களே சொல்வார்கள். போட்ட பிறகு கழற்றச் சொன்னால் காசு தண்டம். எல்லா ஜன்னலையும் சிறைக்கூடம் மாதிரி அடைத்துவிடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற ஒன்றிலாவது திறக்கிற கதவு வேண்டும். சாவி எங்கே என்பது வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

கூரைச் சட்டம் போட 1,500 வெள்ளி முன்பணம் வாங்கியவர் இரண்டு மாதமாக ஃபோன் எடுப்பதில்லை. போனது போனதுதானா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

இல்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுங்கள். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயரும் முகவரியும் வேண்டும், இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டறை எங்கே என்று அவரைக் காட்டிவிட்ட ஆளிடம் போய்க் கேளுங்கள். இன்னும் முன்பணம் கொடுக்காத மற்ற வாசகர்கள், கொடுப்பதற்கு முன்னால் ஒரு நடை பட்டறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்கள் மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் பாதிப் பேர் காவடிச் சட்டம் ஒட்டிக்கொண்டிருப்பார்கள், உங்கள் கூரைக்கு யாரும் தலை நிமிர மாட்டார்கள்.