வெளிர் சாம்பல் பெயின்ற்: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கான கேள்வி பதில்

நீலச் சாயல் கொண்ட வெளிர் சாம்பல் நிறத்தை வீட்டுக்கு அடிப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கொக்குவிலிலிருந்து: அண்ணை, கடை நிறக் கார்டில் நல்ல சாம்பலாக இருந்தது. ஹோலுக்கு அடித்த பிறகு ஊதா மாதிரித் தெரியுது. கலவையில் பிழையோ? நிலம் பழைய சிவப்புச் சீமெந்து.

கலவையைக் குறை சொல்ல முதல் நிலத்தைப் பாருங்கோ. யன்னலால் வரும் வெயில் சிவப்பு நிலத்தில் பட்டுத்தான் சுவருக்குத் தெறிக்கிறது. நீலச் சாயல் உள்ள சாம்பலில் அந்தச் சிவப்பு ஏறினால் ஊதாதான் வரும். நண்பகலில் சுவரோரமாக ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை நிலத்தில் விரித்துப் பாருங்கோ. ஊதா குறைந்தால் காரணம் நிலம். குறையவில்லை என்றால் நீங்கள் எடுத்த சாம்பலிலேயே ஊதாச் சாயல் இருக்கிறது.

சிவப்பை அடக்குவது பச்சை. ஆகவே சிவப்பு நிலம் உள்ள வீட்டுக்கு மெல்லிய பச்சைச் சாயல் உள்ள சாம்பலை எடுங்கோ. யன்னலுக்கு வெளியே மாவும் பூவரசும் அடர்ந்து நிற்கும் அறைக்கு அதே நிறம் பாசி பிடித்தது போலத் தெரியும். அங்கே நீலமோ ஊதாவோ கலந்தது பொருந்தும். கிறீம் நிற ரைல்ஸ் பதித்த வீடு என்றால் குளிர்ந்த சாம்பலை, அதாவது நீலச் சாயல் உள்ளதை, நான் பரிந்துரைக்க மாட்டேன். ரைல்ஸ் மஞ்சளித்து, துடைக்காத நிலம் போலாகிவிடும்.

சாயலைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கார்டை வெள்ளை ஏ4 தாளில் வைத்து, அதே வரிசையின் ஆகக் கடும் நிறத்தைப் பாருங்கோ. வெளிர் நிறத்தில் ஒளிந்திருக்கும் பச்சையோ நீலமோ அங்கே வெளிப்படையாகத் தெரியும்.

நல்லூரிலிருந்து: வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த சாம்பல் கூடாது என்று இணையத்தில் எல்லாரும் எழுதுகினம். உண்மையோ?

அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் சரி. அங்கே வடக்கு யன்னலுக்கு நேர் வெயில் அநேகமாக வராது. யாழ்ப்பாணம் இருப்பது ஏறக்குறைய 9.7 பாகை வட அகலக்கோட்டில். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பிறகு ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நாலரை மாதமும் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான். ஆகவே திசையை மட்டும் பார்த்து நிறத்தை ஒதுக்கத் தேவையில்லை.

இங்கே வெளிச்சத்தைக் கூடுதலாகத் தீர்மானிப்பது விறாந்தையும் மரமும். அகலமான விறாந்தைக்கு உள்ளே இருக்கும் அறைக்கு ஒளி தெறிப்பு எண் (LRV, நிறம் தன்மேல் படும் ஒளியில் எத்தனை வீதத்தைத் திருப்பிவிடும் என்ற எண்) 65க்கும் 75க்கும் இடைப்பட்ட சாம்பல் வேண்டும். அநேகமான கம்பனிகள் தங்கள் இணையத்தளத்தில் அந்த எண்ணைக் கொடுக்கின்றன. 60க்குக் கீழே போனால் மார்கழி மழை மூட்டத்தில் அறை இருண்டு போகும்.

பல்பையும் முதலே முடிவு செய்யுங்கோ. வழக்கமாக வாங்கும் 6500 கெல்வின் வெள்ளை எல்ஈடி, குளிர்ந்த சாம்பலை இன்னும் நீலமாக்கும். 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில் நீலம் செத்து, நிறம் மங்கிப் போகும். 4000 கெல்வின் பல்பு இரண்டுக்கும் நடுவே நின்று, பகலில் பார்த்த நிறத்தை ஓரளவு அப்படியே காட்டும்.

பருத்தித்துறையிலிருந்து: சாம்பிள் அடித்துப் பார்ப்பது எப்படி?

பழைய மஞ்சள் சுவரில் நேரே அடிக்காதேங்கோ. மஞ்சளுக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பலும் நீலமாகவே தெரியும். 2 அடிக்கு 2 அடி ஹாட்போட் துண்டில் ஒரு வெள்ளைக் கோட் அடித்து, சுற்றிவர 2 அங்குலம் விட்டு நடுவில் சாம்பலை இரண்டு கோட் அடியுங்கோ. நன்றாகக் காய்ந்த பிறகு சுவர் சுவராகச் சாத்தி, காலை, நண்பகல், மாலை, இரவு பல்பு வெளிச்சம் என்று நாலு நேரமும் பாருங்கோ.

சாவகச்சேரியிலிருந்து: 10க்கு 12 அறை, உயரம் 10 அடி. எத்தனை லீற்றர் வேணும்?

சுற்றளவு 44 அடி, உயரம் 10, ஆக 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, 4 அடிக்கு 4 அடி யன்னல் இரண்டுக்கு 32 கழித்தால் 387. சீமெந்துச் சுவரில் ஒரு லீற்றர் எமல்சன் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடி போகும் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 8 லீற்றர் போதும். பிறைமர் 4 லீற்றர். 4 லீற்றர் வாளி இரண்டு வாங்கினால் இரண்டையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே தொடங்குங்கோ. வெளிர் சாம்பலில் ஒரு துளி நிறம் கூடிக் குறைந்தாலும் சுவரின் நடுவில் கோடாகத் தெரியும்.

காரைநகரிலிருந்து: கீழ் 2 அடிக்கு உப்புப் பூத்து பெயின்ற் பொருக்குப் பொருக்காக உதிருது. சாம்பல் அடித்தால் மறையுமோ?

மறையாது. வெள்ளைச் சுவரில் தெரியாத உப்புக்கூடச் சாம்பலில் பளிச்சென்று தெரியும். அத்திவாரத்தால் ஏறும் ஈரம் உப்பையும் கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு பளிங்காகி பெயின்ற்றைத் தள்ளிவிடுகிறது. குற்றம் பெயின்ற்றில் இல்லை, ஈரம் வரும் வழியில்தான்.

முதலில் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கோ. பூக்கன்றுக்காக மண்ணைச் சுவரோடு அணைத்திருக்கிறதா, குளியலறைத் தண்ணீர் சுவரடியில் தேங்குகிறதா? ஈரத்தடுப்புப் படைக்கு (அத்திவார ஈரம் சுவரில் ஏறாமல் சுவரடியில் போடும் படை) கீழே அரை அடியாவது மண் இறங்கி இருக்க வேண்டும். பிறகு உள்ளே, உப்பு ஏறிய கோட்டுக்கு மேலே ஒரு அடி வரை பழைய பெயின்ற்றைச் சுரண்டுங்கோ. உப்பை உலர்ந்த பிறஷால் தட்டி, கீழே பேப்பர் விரித்துச் சேர்த்து வளவுக்கு வெளியே கொட்டுங்கோ. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும்.

ஈரம் போனதா என்று அறிய, பொலித்தீன் துண்டொன்றை நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கோ. சுவரைப் பார்த்த பக்கத்தில் துளி கோர்த்திருந்தால் இன்னும் காலம் வரவில்லை. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மழை குடித்த சுவர் மாசி, பங்குனிக்குத்தான் காயும். காய்ந்த பிறகு காரத்தைத் தாங்கும் பிறைமர், அதன் மேல் மினுக்கம் இல்லாத எமல்சன். கீழ்ப் பகுதிக்கு எனாமல் அடித்து மூடச் சொல்லுவார்கள்; கேட்காதேங்கோ. ஈரம் அதற்கு மேலே ஏறி அங்கே உதிர்க்கும்.

பெயின்ற்றில் கலக்கவும் உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். குடிக்கிற தண்ணீரையே பாவியுங்கோ.

மானிப்பாயிலிருந்து: ரோலரால் அடித்த சுவரில் ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறம். ஏன்?

ஓரம் முழுவதையும் பிறஷால் அடித்து முடித்து, அது காய்ந்த பிறகு ரோலர் போட்டிருக்கிறார்கள். ஒரு சுவரின் ஓரத்தை அடித்த கையோடு அந்தச் சுவரை ரோலரால் முடிக்க வேண்டும். மின்விசிறியையும் நிறுத்துங்கோ, வைகாசி வெக்கையில் விளிம்பு உடனே காய்ந்துவிடும். பெயின்ற்றில் கலக்கும் தண்ணீர் 10 வீதத்துக்கு மேல் போனாலும் திட்டுத் திட்டாக வரும். இப்போது உள்ளதைத் தொட்டுத் தொட்டுத் திருத்த வேண்டாம்; மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவருக்கும் இன்னொரு கோட் அடியுங்கோ.

அச்சுவேலியிலிருந்து: போன கிழமைதான் சுவர்ப்பூச்சு முடிந்தது. இரண்டு கிழமையில் குடிபூரல். சாம்பல் அடிக்கலாமோ?

வேண்டாம் தங்கச்சி. புதுப்பூச்சு குறைந்தது 28 நாள் காய வேண்டும். காயாத சீமெந்தின் காரம் நிறத்தைத் தின்று, வெளிறிய திட்டுகளாக விட்டுவிடும். பூச்சுச் சுவரோடே குடிபூருங்கோ. அவசரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் பிறகு எமல்சனுக்கு முன் அதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டி வரும்.

வட்டுக்கோட்டையிலிருந்து: பாட்டன் காலத்துச் சுண்ணாம்புக் கல் வீடு. இதற்கும் எமல்சன்தானோ?

பழைய சுவருக்கு மூச்சு விட இடம் வேண்டும். சுண்ணாம்பே அடியுங்கோ. வெள்ளையடிப்புக்குக் கலக்கிற அதே நீலத்தோடு, தண்ணீரில் கரைத்து வடித்த கறுப்பு ஒக்சைட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் அழகான குளிர்ந்த சாம்பல் வரும். ஈரத்தில் கடுமையாகத் தெரிவது காய்ந்தால் நன்றாக வெளிறும், அதனால் ஒரு மூலையில் அடித்து மறுநாள் பார்த்து அளவை முடிவு செய்யுங்கோ. முழு வீட்டுக்குமான கலவையை ஒரே தடவையில் கலக்குங்கோ. மெல்லிய மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் முன்னம் சுவரை நனைக்க வேண்டும்.

சுன்னாகத்திலிருந்து: அம்மா சாம்பல் நிறம் வீட்டுக்கு ஆகாது என்கிறா. கதவு நிலைகள் பனை மரம். என்ன செய்யலாம்?

சாமியறையையும் ஹோலையும் அம்மாவுக்கு விருப்பமான வெள்ளையில் விட்டு, படுக்கை அறைக்குச் சாம்பலை அடியுங்கோ. பனை நிலைக்கு எனாமல் பூசி மறைக்காமல் தெளிந்த வார்னிஷ் அடியுங்கோ. அந்தக் கரும் மண்ணிறம் நீலச் சாம்பலுக்குப் பக்கத்தில் எடுப்பாக நிற்கும். சீலிங்குக்கு மஞ்சள் கலக்காத வெள்ளை. அது அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் சாண்ட் பேப்பரால் தேய்க்கவோ கம்பிப் பிறஷால் சுரண்டவோ கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் மெல்லத் துடைத்துவிட்டு அப்படியே அடியுங்கோ.